லாரிக்காரன் தையல் படித்த கதை

கலெக்டர் ஆபீஸுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கப் போனபோதுதான் என்னைத் தையல் படிக்கச் சொன்னார்கள். சொன்னவர் அங்கிருந்த ஒரு பெண் அலுவலர். நல்ல மனசுக்காரர்.

"கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பத்தாவது முடிச்சிருக்கோணுங்க. நீங்க எட்டாவதுதான். தையல்ல இடம் இருக்குது. சேலத்துல தங்கியே படிக்கலாம். சோறும் அங்கேயே போட்டுருவாங்க" என்றார்.

நான் பக்கத்திலிருந்த என் மனைவியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதிக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தைய வருஷம் வரைக்கும் நான் லாரி டிரைவர். ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். மீசை முளைக்கும் முன்பே கிளீனராக ஏறியவன், பிறகு ஸ்டீயரிங் பிடித்தேன். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் வடக்கே போய்த் திரும்பிவர மாதம் ஓடிவிடும். ஒரு நாள் காலையில், ஆந்திராவில், தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருந்ததால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த டிப்பர் ஒன்று என்னையும் லாரியின் பின்பக்கத்தையும் சேர்த்து இடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால்.

ஊருக்கு வந்த பிறகு எல்லோரும் நன்றாகவே நடந்துகொண்டார்கள். லாரி ஓனர் வந்து பார்த்தார். கூட ஓட்டிய டிரைவர்கள் வடக்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஆரஞ்சும் ஆப்பிளும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். செயற்கைக் கால் மாட்டி நடக்கவும் பழகிவிட்டேன். ஆனால் மனைவி கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். பைபாஸில் போகும் வண்டிகளின் சத்தம் எங்கள் வாசல் வரை கேட்கும். எந்த வண்டி கியர் மாற்றுகிறது, எது லோடு தாங்காமல் திணறுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். அது கேட்காமலிருக்க டிவியைச் சத்தமாக வைப்பேன்.

அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எனக்கும் மனைவிக்கும் சண்டை.

"பொம்பளைங்க வேலையைப் படிக்கச் சொல்றயா என்னை?"

"ஏனுங்க, நம்மூரு டெய்லரு என்ன பொம்பளையா? லாரியில தார்ப்பாய் கிழிஞ்சா கோணி ஊசி வெச்சு யாரு தெச்சா? நீங்கதான? அப்ப மட்டும் அது ஆம்பளை வேலையா இருந்துச்சா?"

"அது வேற."

"என்ன வேற? அதுலயும் ஊசியும் நூலுந்தானுங்க."

முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த வாரம் சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பயிற்சி மையம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில், மராமத்துப் பண்ணிய பழைய குடோனில் நடந்தது. அந்தச் சந்துகள் எனக்குப் புதிதல்ல. பருப்பு மூட்டை, சர்க்கரை மூட்டை என்று எத்தனையோ முறை லாரியை உள்ளே நுழைத்துத் திருப்ப முடியாமல் அங்கே நின்றிருக்கிறேன். ஊன்றுகோலோடு நடந்து போனவனைச் சுமை தூக்கும் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். "என்னப்பா டிரைவரே, இந்தப் பக்கம்?" என்றார். தையல் படிக்க வந்ததாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

வகுப்பில் என்னை விட்டால் ஆண்கள் நாலைந்து பேர். மற்றதெல்லாம் பெண்கள். சிலருக்குப் போலியோ, சிலருக்கு முதுகு வளைவு, இரண்டு பேருக்கு என்னைப் போல ஒரு கால் இல்லை. பாதிக்கு மேல் காது கேளாதவர்கள். நான் உள்ளே போனபோது அவர்கள் ஒரு மூலையில் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கைகள் அவ்வளவு வேகமாக ஓடின. எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் மறுபடி ஓடின. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

டீச்சர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கைமொழி கற்றுக்கொண்டாராம். எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் தொங்கும். என்னை ஒரு மோட்டார் மிஷின் முன்னால் உட்காரவைத்து, ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தார். "நேர்க்கோடு தைங்க அண்ணே. அது போதும் இன்னிக்கு" என்றார்.

செயற்கைக் காலுக்குப் பெடலின் அழுத்தம் தெரியாது. அதனால் இடது காலை வைத்தேன். என் இடது காலுக்குத் தெரிந்ததெல்லாம் கிளட்ச்தான். முழுசாக மிதித்து, பிறகு மெல்ல விட வேண்டும். பழக்க தோஷத்தில் பெடலை முழுசாக மிதித்தேன். மிஷின் ஓ என்று கத்திக்கொண்டு ஓடியது. துணியை உள்ளே இழுத்துச் சுருட்டி, நூலை அறுத்து, ஊசியை ஒடித்துவிட்டுத்தான் நின்றது.

பக்கத்து மிஷினிலிருந்து பெரிய சிரிப்பு. காது கேளாதவர்கள் சத்தமில்லாமல் சிரிப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் சிரித்தது கூடம் முழுக்கக் கேட்டது.

"என்ன சிரிப்பு உனக்கு?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யாரிடம் கத்துகிறேன் என்று உறைத்தது. டீச்சர் அவளிடம் கையால் அதைச் சொன்னார். அவள் உடனே பதில் சொன்னாள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?"

"இவரு பிரேக் இல்லாத வண்டி ஓட்டி வந்தவரா, கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்றா அண்ணே."

டிரைவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது! எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. அந்த விபத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவள் சேலத்துக்குப் பக்கத்திலுள்ள இளம்பிள்ளை ஊர்க்காரி. வீட்டில் தறி. சின்ன வயதில் காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்து நூல் சுற்ற உட்காரவைத்துவிட்டார்கள். பல வருஷம் அதுதான் வேலை. என்னைவிட ரொம்பவும் இளையவள். அதனால் மனதுக்குள் தங்கச்சி என்றே வைத்துக்கொண்டேன். அவள் கையால் சொன்னதையெல்லாம் வாயால் சொன்ன மாதிரிதான் இங்கே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

மறுநாள் என் மிஷின் ஓடத் தொடங்கியதும் அவள் எட்டி என் மேஜைமேல் உள்ளங்கையை வைத்தாள். மிஷின் அதிர்வது அவள் கைக்குத் தெரிந்தது. வேகம் கூடினால் மறுகையைத் தாழ்த்திக் காட்டுவாள். நிதானமாக ஓடினால் அந்தக் கை அசையாமல் நிற்கும். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதித்தேன். தன் வேலையை விட்டுவிட்டு ஒரு வாரம் இப்படிச் செய்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. என் இடது கால் கிளட்ச்சை மறந்து ஆக்சிலேட்டரைக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

டீச்சர் வைத்திருந்த ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வகுப்பில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என்ன பேசினாலும் கையால்தான் பேச வேண்டும். முதல் நாள் நாங்கள் முணுமுணுத்தோம்.

"நாள் பூரா இவங்க நம்ம வாயைப் பாத்துப் பாத்துப் புரிஞ்சிக்கிறாங்க. ஒரு மணி நேரம் நாம இவங்க கையைப் பாப்போமே" என்றார் டீச்சர்.

அந்த ஒரு மணி நேரம் நாங்கள்தான் ஊமைகள். ஊசி வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்போம். அவர்கள் பொறுமையாகக் காட்டித்தருவார்கள். பொறுமை போனால் எங்கள் விரல்களைப் பிடித்து மடக்கியும் விடுவார்கள். நூல், கத்தரி, வா, போ, பசிக்கிறது, நாளைக்கு என்று ஒவ்வொன்றாக வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், நான் கற்ற அளவில் அந்த மொழியில் 'ங்க' கிடையாது. எங்கள் பக்கத்தில் குழந்தையிடம் பேசினால்கூட 'ங்க' ஒட்டிக்கொள்ளும். இங்கே மரியாதையெல்லாம் முகத்தில் இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசினால் மரியாதை. பேசிக்கொண்டிருக்கும்போது வேறு பக்கம் திரும்பினால், அதைவிட அவமரியாதை கிடையாது. தலையைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. தங்கச்சி என் தோளில் தட்டித் தட்டியே அதை மாற்றினாள்.

அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. டீச்சருக்குக் கழுத்தைச் சுற்றி டேப் தொங்குவது போல ஒரு அசைவு. எனக்குப் பெயர் வைக்கும் நாள் வந்தது. ஒரு பெண் தன் வலது முழங்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினாள். அவள் அதில் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. பார்த்ததும் தெரிகிற அடையாளத்தைத்தான் அவர்கள் பெயராக வைப்பார்கள். ஆனால் தங்கச்சி குறுக்கே விழுந்தாள்.

"கால் போனவங்க இந்த ரூம்லயே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. லாரி ஓட்டினவர் இவர் ஒருத்தர்தான்" என்று சொல்லி, இரண்டு கைகளாலும் ஒரு பெரிய ஸ்டீயரிங்கைப் பிடித்து வளைத்தாள். எல்லோரும் அதே மாதிரி வளைத்துப் பார்த்தார்கள். அன்று முதல் அதுதான் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா இளம்பிள்ளையிலிருந்து வருவார். தூக்குப்போசியில் ஏதாவது குழம்பு இருக்கும். மகளைச் சாப்பிடவைத்துவிட்டு எங்களிடம் வந்து நிற்பார்.

"அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி. நீங்கெல்லாம் கொஞ்சம் பாத்துக்கோங்க."

வகுப்பிலேயே கைதேர்ந்தவள் அவள்தான் என்று நான் ஒரு முறை சொன்னேன். அந்த அம்மா நான் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருந்த சைகைகள் கொஞ்சம்தான். சாப்பிடு, தூங்கு, வா, வேண்டாம். வேறு எதுவும் அந்த வீட்டில் அவளிடம் சொல்லப்படவில்லை. அவளும் எதுவும் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்கு மகள்மேல் உயிர். அதை அவர் முகத்திலேயே பார்க்கலாம். ஆனால் மகளிடம் பேசத்தான் அவருக்குத் தெரியவில்லை.

பயிற்சி முடியும் சமயத்தில் ஒரு துணி ஆலையிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். மையத்தின் முற்றத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தபோது அந்த அதிகாரி என் தையலைப் புரட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"எங்க தையல் பிரிவு ரெண்டாவது மாடிங்க. லிஃப்ட் துணிக்குத்தான். ஏறி இறங்கிருவீங்களா?"

"ஏறிருவேனுங்க."

"அவசரம்னா ஓடி இறங்கணுமே?"

நான் என் தையலை எடுத்து மடித்துக்கொண்டேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். காது கேளாதவர்களைத்தான் அவர்கள் நிறைய எடுத்தார்கள். அரட்டை அடிக்க மாட்டார்கள், வேலை ஓடும் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அரட்டையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்! மதியச் சாப்பாட்டில் அந்தப் பெண்கள் அடிக்கிற அரட்டையில் சோறு ஆறிப்போகும்.

தங்கச்சியைப் பார்த்தவுடன் எடுத்துக்கொண்டார்கள். அவள் நகராமல் அங்கேயே நின்று டீச்சர் மூலமாகக் கேட்டாள். "அங்கே கையால் பேசத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? கொஞ்ச நாள் போனால் வேறு வேலை கற்றுத்தருவீர்களா?" அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாம் அங்க வந்து பாத்துக்கலாம்மா" என்றார்கள். அவள் போனாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி வழக்கம்போலக் கோழிப்பண்ணைக்குப் போய்வந்தாள். இரண்டு நாள் விட்டுவிட்டு, "நாமக்கல்லுல லாரிக்குச் சீட்டு தெக்கற பட்டறை இருக்குதுல்லீங்க? அங்க மாடி கெடையாதே" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் குஷன் பிரிவும் உண்டு. சீட்டு, டிரைவர் படுக்கும் பெர்த், கேபின் மேல்கூரை என்று எல்லாவற்றுக்கும் ரெக்சின் தைத்துப் போர்த்துவார்கள். என் லாரியை எத்தனையோ முறை அங்கே விட்டிருக்கிறேன். அந்த முதலாளி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வா வா. வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டவர், என் காலைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"வண்டி இல்லீங்க. தையலுக்கு ஆள் வேணுமான்னு கேக்க வந்தேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். பிறகு கிழிந்த தார்ப்பாய் ஒன்றை இழுத்து மிஷினில் போட்டு, "தெச்சுக் காட்டு" என்றார். நைட்டியும் ஜாக்கெட்டும் தைக்கப் படித்த எனக்கு அந்தத் தார்ப்பாய் மலை போல இருந்தது. ஆனால் பெடல் பெடல்தான். இடது காலால் மெல்ல மிதித்தேன். கிழிசலை மடித்து ஓட்டினேன். முதலாளி தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துரு" என்றார்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு டிரைவர் எங்கே சாய்வான், எந்த இடத்தில் வியர்த்து உடம்பு எரியும், பெர்த்தின் எந்த ஓரத்தில் தையல் இருந்தால் தூக்கத்தில் முதுகை உறுத்தும் என்பதெல்லாம் என் உடம்புக்கே தெரிந்த விஷயங்கள். ஆனால் நாமக்கல் லாரிக்காரர்களுக்கு அதுமட்டும் போதாது. கேபினுக்குள் கல்யாண மண்டபம் மாதிரி இருக்க வேண்டும். கட்டம் கட்டமாகத் தையல், பூ, மயில், ஓரத்தில் வேறு நிறத்தில் பைப்பிங். அதெல்லாம் எனக்கு வரவில்லை. எனக்கு நேர்க்கோடுதான் வரும். வேலை தேங்க ஆரம்பித்தது.

தங்கச்சியோடு வாட்ஸப் வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் தன் இடது மார்புமேல் ஒரு சின்னச் சதுரம் வரைந்தாள்.

"இதுதான் என் வேலை."

"என்னது?"

"சட்டைப் பாக்கெட். இடது பாக்கெட் மட்டும். வந்த நாளிலிருந்து இதுதான். வேற ஏதாவது தரச்சொல்லிக் கேட்டால், நீ இதை நல்லாத் தைக்கிற, இதையே தைன்னு எழுதிக் காட்டறாங்க."

சம்பளம் ஒழுங்காக வந்தது. தோழிகளும் அங்கே இருந்தார்கள். அதைப் பற்றியெல்லாம் அவள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சதுரத்தை வரைந்துவிட்டுக் கையைத் தொப்பென்று போட்டாள் பாருங்கள், அதிலேயே எனக்கு எல்லாம் புரிந்தது. நான் போனைத் திருப்பி, பட்டறையில் நின்ற ஒரு லாரியின் கேபினைக் காட்டினேன். அவள் முகம் திரைக்கு அருகே வந்தது. மேலே காட்டு, ஓரத்தைக் காட்டு, அந்த மயில் கழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த விடுமுறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் வந்துவிட்டாள். அம்மாவுக்குப் பட்டறை பிடிக்கவில்லை. எங்கு பார்த்தாலும் ஆண்கள், வெல்டிங் பொறி, சுத்தியல் சத்தம்.

"பொட்டப் புள்ளையை இங்க எப்படிங்க சாமி உடறது?"

"என் ஊட்டுக்காரியும் இங்க வேலைக்கு வாராளுங்கம்மா" என்றேன். உண்மைதான். கோழிப்பண்ணையை விட்டுவிட்டு ரெக்சின் வெட்டித்தர என் மனைவியும் அப்போது வந்துவிட்டிருந்தாள். அவள் அந்த அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி அதற்குள் ஒரு பெர்த் உறையை முடித்துவிட்டாள். முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நேராக உள்ளே போய் அவளுக்காகப் புது மிஷினின் உறையைக் கழற்றினார்.

அவள் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் வாடகைக்குத் தங்கினாள். பட்டறையில் அவள் வந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. சுத்தியல் சத்தத்தில் அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. தொண்டை கிழியக் கத்துவார்கள். நானும் அவளும் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்போம். வெல்டர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு 'டீ வந்தாச்சு' என்பதைக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் 'முதலாளி வர்றார்' என்பதை. அதற்கப்புறம் கெட்ட வார்த்தைகளைக் கேட்டார்கள். அவள் சொல்லித்தர மறுத்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில் டாரஸ் லாரி ஒன்று பின்பக்கமாக ஷெட்டுக்குள் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தார். தங்கச்சி முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் ரெக்சினை விரித்து அளந்துகொண்டிருந்தாள். ஒரு வெல்டர் ஓடிப்போய் அவளை இழுத்தார். லாரியின் சக்கரம் ரெக்சினின் ஓரத்தில் ஏறி நின்றது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் முதலாளி நேராக என்னிடம் ஓடிவந்தார்.

"போதும்ப்பா. இந்தப் புள்ளையை வேற எடம் பாத்துக்கச் சொல்லு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்கம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆரன் அடிச்சுங் கேக்கலையே!"

அவர் கெட்டவர் அல்ல. பயந்துபோயிருந்தார். நான் அதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். என் வலது காலைக் காட்டினாள்.

"அன்னிக்கு டிப்பர் வந்தபோது உனக்குக் காது கேட்டுச்சுதானே?"

 ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்புறம் ஏன் கால் போச்சு? அவர்கிட்ட இதைச் சொல்லு."

நான் சொன்னேன்.  முதலாளி என் காலைப் பார்த்தார், அந்த லாரியைப் பார்த்தார், தரையில் சக்கரத்துக்கு அடியில் கிடந்த ரெக்சினைப் பார்த்தார். அந்த ஷெட்டில் அதற்கு முன்பும் ஒருவர் லாரிக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டி விலா எலும்பு முறிந்து கிடந்திருக்கிறார். அவருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

"வண்டியை வெளிய எடு. இனிமே கிளீனர் எறங்கி முன்னால நடக்காம ஒரு வண்டியும் உள்ள வரக் கூடாது" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார் முதலாளி. அன்று சாயங்காலமே தரையில் மஞ்சள் பெயின்ட்டில் பட்டையாகக் கோடு போட்டார்கள். அதைத் தாண்டி லாரி வரக் கூடாது. தங்கச்சி தன் மிஷினைத் தானே இழுத்துத் திருப்பி, வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படியே திருப்பிக்கொண்டார்கள்.

அவள் அம்மா மாதம் ஒருமுறை வருவார். வந்தால் முன்போல என்னிடம்தான் கேட்பார்: "என்ன சொல்றா சாமி?" நான் சொல்வேன். ஒரு நாள் தங்கச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, தான் சொன்னதை மறுபடி மெதுவாகச் சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். 'எனக்கு இங்கே பிடித்திருக்கிறது' என்பதுதான் அது. அந்த அம்மாவுக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் அதே அசைவைத் தானும் செய்து பார்த்தார். இப்போது அவரும் வீடியோவில் மகளுடன் பேசுகிறார். சண்டைகூடப் போடுகிறார்கள். கல்யாணப் பேச்சு என்று நினைக்கிறேன், நான் அதில் தலையிடுவதில்லை.

போன வருஷம் டீச்சர் போன் செய்தார். வாகன இருக்கை தைப்பதையும் பயிற்சியில் சேர்க்கப் போகிறார்களாம். வாரத்தில் ஒரு நாள் தங்கச்சி வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். காது கேட்கும் மாணவர்களுக்கு அவள் சொல்வதை நான் வாயால் சொன்னால் போதும். முதலாளி கிழிந்த ரெக்சின் துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தனுப்பினார். பக்கச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டரை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் சேலத்துக்கு பஸ் ஏறினோம்.

அவள் கூடத்தின் முன்னால் நின்றதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு தொண்டைச் செருமல் கிடையாது, தயக்கம் கிடையாது. விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டாள். காது கேட்கிறவர், கேட்காதவர் எல்லோருமே நிமிர்ந்து பார்த்தார்கள். துண்டுகளைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொருவர் பக்கமும் போய் நின்றாள். ஒரு கை சூம்பிய ஒருவர், முப்பது வயதிருக்கும், ரொம்ப முயற்சி எடுத்து ஒரு வளைவைத் தைத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. தங்கச்சி தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

நான் அவரிடம், "நல்லா வருதுங்க. இன்னுங் கொஞ்சம் பழகுனாச் சரியாயிரும்னு சொல்றாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. தங்கச்சி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளில் பட்டென்று தட்டினாள்.

"நான் சொன்னதை நீ சொல்லலை. நான் சொன்னதைக் கேட்டவர் இப்படிச் சிரிக்க மாட்டார்."

"பாவம், முதல் நாள்தானே" என்றேன்.

"என்கிட்டயும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லித்தான் இடது பாக்கெட்டிலேயே வெச்சிருந்தாங்க. அவருக்கு வேலை வேணும். அப்படியே சொல்லு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.  "ஏனுங்க, தப்பாச் சொல்லிட்டேன். இந்த டீச்சர் சொன்னது வேற. வளைவுல தையல் இழுத்திருக்குது. லாரி ரெண்டு தடவை குலுங்குனாப் பிரிஞ்சுரும். பூராவும் பிரிச்சுட்டு மறுபடி தைக்கோணுங்களாம். ரெக்சினைச் சூம்புன கையால அழுத்துங்க, இழுக்கறதுக்கு மத்த கையை வெச்சுக்கோங்கன்னு சொல்றாங்க."

அவர் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு தங்கச்சியை நிமிர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டினார். பிளேடை எடுத்து, நூலை ஒவ்வொரு கண்ணாகப் பிரிக்கத் தொடங்கினார். தங்கச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.